ஏழு பேர் சேர்ந்தால் கேசினோவை ஜெயிக்கலாமா? காசு கொடுத்து வாங்கிய ஒரு கோர்ஸைப் பற்றி

முதலில் எதை வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தைப் பார்த்தால் அது கடைசி வரை புரியாது. கொஞ்சம் வீடியோ பாடங்கள், அச்சடித்து வைத்துக்கொள்ளச் சில பிடிஎஃப் அட்டவணைகள், கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு பயிற்சி மென்பொருள், அப்புறம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு டெலிகிராம் குழு. கேசினோவில், அவர்கள் சார்பில் சீட்டு போடும் டீலருக்கு எதிராக ஆடும் போக்கர் மேசைகள் இருக்கின்றன அல்லவா, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்களாக இருந்து, கையில் வந்த சீட்டை ஒருவருக்கொருவர் தெரியப்படுத்திக்கொண்டு ஆடினால் கேசினோவை ஜெயிக்கலாம் என்பதுதான் சரக்கு. கூட்டுக் களவாணித்தனத்துக்கு ஒரு பாடத்திட்டம். விற்றவர்கள் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே பிரித்துவிட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும் சாதாரண போக்கரில் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் அது மூன்றாவது ஆளின் பாக்கெட்டில் கையை விடுவது, அதைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. இந்தக் கோர்ஸ் சொல்வது கரீபியன் ஸ்டட், த்ரீ கார்டு போக்கர், அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம், லெட் இட் ரைடு போன்றவை. இவற்றில் பக்கத்து நாற்காலிக்காரர் ஜெயித்தாலும் தோற்றாலும் நமக்கு ஒன்றுமில்லை, காசு போவதும் வருவதும் கேசினோவோடுதான். அதனால்தான் எனக்கும் ஆசை வந்தது. இது குற்றமா இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் சீட்டைக் காட்டக்கூடாது, கையில் வந்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்று பல மேசைகளில் விதியே இருக்கிறது, மீறினால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். நான் கேசினோவில் இதைச் செய்து பார்க்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்து பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

கரீபியன் ஸ்டட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோர்ஸில் பாதிக்கு மேல் அதுதான். ஆட்டம் தெரியாதவர்களுக்காக: ஆன்ட் என்று ஒரு பணயம் கட்ட வேண்டும், நமக்கு ஐந்து சீட்டு, டீலருக்கும் ஐந்து, அதில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு மடக்கலாம், ஆன்ட் போய்விடும். அல்லது ஆன்ட்டைப் போல் இரண்டு மடங்கு கட்டி நிற்கலாம். டீலருக்குக் குறைந்தது ஏஸும் ராஜாவும் சேர்ந்து வர வேண்டும், அதற்கு மேல் எது வந்தாலும் சரி, அதுகூட இல்லையென்றால் அவர் தகுதி பெறவில்லை என்று நம் ஆன்ட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மேலே கட்டியதைத் திருப்பித் தந்துவிடுவார்கள். போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1982இல் தான் உருவாக்கியதாகச் சொல்லும் ஆட்டம் இது, அப்புறம் அரூபா தீவுக்குப் போய்ப் பெயர் மாறி, ஜாக்பாட் ஒன்றும் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றியது. தனியாக, சரியாக ஆடினாலும் ஆன்ட்டில் 5.22 விழுக்காடு கேசினோவுக்குப் போகும். நூறு கட்டினால் ஐந்தே கால் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டுக்கு வருவோம். மேசையில் ஏழு பேர், ஆளுக்கு ஐந்து, மொத்தம் 35 சீட்டு நமக்குத் தெரியும். டீலரின் திறந்த சீட்டோடு 36. தெரியாதது 16தான், அதிலிருந்து நான்கு சீட்டு டீலரிடம் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த இடத்தைக் கோர்ஸ் நன்றாகச் சொல்லித் தருகிறது, ஒப்புக்கொள்கிறேன். கையில் ஒன்றுமே இல்லாத குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு எப்போது நிற்கலாம்? மடக்கினால் ஒரு ஆன்ட் நிச்சயமாகப் போகிறது. நின்றால், டீலர் தகுதி பெறாதபோது ஒன்று கிடைக்கும், பெற்றால் மூன்று போகும். கணக்குப் போட்டால், டீலர் தகுதி பெறாமல் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் குப்பையோடுகூட நிற்பதுதான் மேல். ஒன்றும் தெரியாத நிலையில் அந்த வாய்ப்பு 43.7 விழுக்காடு. அட, ஆறேழு விழுக்காடுதானே தள்ள வேண்டும்!

மென்பொருளில் எனக்கு வந்த ஒரு சுற்றையே சொல்கிறேன். டீலர் திறந்த சீட்டு கிளாவர் ஏழு. மற்ற மூன்று ஏழும் எங்கள் ஏழு கைகளுக்குள் இருந்தன. நான்கு ஏஸும் எங்களிடமே. அதாவது டீலர் ஏஸ்-ராஜாவை மறந்துவிடலாம், ஏழில் ஜோடியும் நடக்காது. மீதி 16 சீட்டில் ஐந்து எண்கள் இரண்டிரண்டாகவும் ஆறு எண்கள் ஒற்றையாகவும் கிடந்தன. 16இல் நான்கு எடுக்க 1820 வழி, அதில் எந்த ஜோடியும் விழாத வழி 1375. நேர்வரிசை, ஒரே ஜாதி ஆகியவற்றுக்காகக் கொஞ்சம் கழித்தால் டீலர் தகுதி பெறாமல் போக ஏறக்குறைய 74 விழுக்காடு. அந்த நிலையில் கையில் என்ன இருந்தாலும் ஏழு பேரும் நிற்க வேண்டும். மடக்கினால் முழு ஆன்ட் போகும், நின்றால் சராசரியாகப் போவது ஆன்ட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. இவ்வளவு அருமையாக அமைவது நூறு சுற்றுக்கு ஐந்தாறு முறைதான், ஆனாலும் இதைவிடக் கொஞ்சம் கம்மியாக அமைவது நிறைய வரும்.

கோர்ஸ் இதைக் "கேசினோக்களுக்குத் தெரியாத ரகசியம்" என்கிறது. சிரிப்புதான் வந்தது. பிளாக்ஜாக் கணக்குகளுக்குப் பேர்போன கணிதப் பேராசிரியர் பீட்டர் கிரிஃபினும் ஜான் க்வின்னும் சேர்ந்து இதையே அலசி எழுதிய கட்டுரை 2000இல் அச்சில் வந்துவிட்டது. ஏழு பேர், 35 சீட்டும் முழுசாகத் தெரியும், ஒவ்வொரு முடிவையும் கம்ப்யூட்டர் போலப் பிழையில்லாமல் எடுக்கிறார்கள் என்றால் ஆட்டக்காரர்களுக்கு 2.3 விழுக்காடு சாதகம் என்பது அதில் வந்த விடை. கோர்ஸ் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதே 2.3தான். அந்த "என்றால்" மட்டும் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேடினோம்.

ஏழு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மச்சான், அவன் ஆபீஸ் நண்பர்கள் இருவர், என் கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேர், நான். டீலராக அக்கா. அக்காவுக்கு ஆட்ட விதிகளை மட்டும் சொன்னோம், நாங்கள் சைகை காட்டப்போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. கோர்ஸில் ஒரு சைகை முறை இருக்கிறது, சிப்பை வைக்கும் இடம், விரல், சீட்டைப் பிடிக்கும் சாய்வு என்று. விவரமாக எழுதப்போவதில்லை, எழுதும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதன்படி ஒவ்வொருவரும் மூன்று தகவல் சொல்ல வேண்டும்: டீலரின் திறந்த சீட்டுக்கு ஜோடி தன்னிடம் எத்தனை, ஏஸ் எத்தனை, ராஜா எத்தனை. மூன்றே மூன்று.

நான்காவது சுற்றில் அக்கா சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்னடா இது, ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படிடா மூக்கு அரிக்குது?"

காசு வாங்காத, கேமரா இல்லாத, வாழ்க்கையில் முதல் முறை டீலராக உட்கார்ந்த ஆள் நான்காவது சுற்றில் பிடித்துவிட்டாள். கேசினோவில் டீலருக்குப் பின்னால் மேற்பார்வையாளர், அவருக்கு மேலே கேமரா, கேமராவுக்குப் பின்னால் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள்.

சரி, பிடிபடுவதை விடுங்கள். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, வெளிப்படையாகவே சைகை காட்டி ஆடினோம். அப்போதும் நடக்கவில்லை. முழு மேசையில் மணிக்கு நாற்பது சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள்ளேதான் சீட்டு போடுவது, ஏழு பேருக்கும் பணம் கொடுப்பது, வாங்குவது எல்லாம். முடிவெடுக்க ஆளுக்குச் சில விநாடிதான் மிச்சம். அந்த விநாடிகளில் என் ஐந்து சீட்டைப் பார்த்து, மூன்று எண்ணைச் சைகையாக மாற்றி, மற்ற ஆறு பேரின் மூன்று மூன்று எண்ணைப் படித்து, கூட்டி, அட்டவணையில் தேட வேண்டும். முதல் ஆள் எல்லாருக்கும் முன்னால் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் அவனுக்கு நேரமே கிடையாது. ஐந்தாவது நாற்காலியில் இருந்த மச்சான் கூட்டல் சொதப்பி ஒரே சுற்றில் ஐந்து ஏஸ் இருப்பதாகச் சொன்னான். சீட்டுக்கட்டை எண்ணிப் பார்த்தோம், நான்குதான் இருந்தது. நாற்பது சுற்று ஆடிய முதல் நாளில் ஏழு பேரும் ஒரே எண்ணிக்கைக்கு வந்தது பாதிக்கும் குறைவு.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். அந்த மூன்று தகவலைப் பிழையே இல்லாமல் சொன்னாலும் 2.3 வராது! 2.3 என்பது 35 சீட்டும், ஜாதி உட்பட, முழுசாகத் தெரிந்தால் வருவது. மேலே நான் சொன்ன ஏழு-ஏஸ் சுற்றில்கூட, மீதி 16 சீட்டில் எத்தனை ஜோடி கிடக்கிறது என்று தெரிந்ததால்தான் 1375 என்று எண்ண முடிந்தது. ஏஸையும் ராஜாவையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது தெரியவே தெரியாது. அவர்களுடைய மென்பொருளிலேயே சைகை முறையை மட்டும் வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். கேசினோவின் 5.22 இறங்குகிறது, ஆனால் பூஜ்யத்தைத் தாண்டி நம் பக்கம் வரவே இல்லை. விற்கிற பொருளே விளம்பரத்தைப் பொய்யாக்குகிறது, அதை அவர்களே ஓட்டிப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

டெலிகிராம் குழுவில் கேட்டபோது கிடைத்த பதில், போனில் ஒரு செயலி வைத்துக்கொண்டு ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லலாமே என்பது. இந்த ஒரு பதிலுக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். ஆட்டத்தின் முடிவைக் கணிக்கக் கருவி வைத்துக்கொள்வதை அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1985இலேயே குற்றமாக்கிவிட்டது, சிறைக்கே போக வேண்டியிருக்கும். தலையால் கணக்குப் போடுவது வேறு, பாக்கெட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பது வேறு. படிக்க வந்தவனிடம் இதைப் போகிறபோக்கில் சொல்வது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

ஒரு பேச்சுக்கு எல்லாம் கைகூடியது என்றே வைத்துக்கொள்வோம். ஆன்ட் 10. அதில் 2.3 விழுக்காடு என்றால் சுற்றுக்கு ஆளுக்கு 0.23. மணிக்கு நாற்பது சுற்றுக்கு ஆளுக்கு ஒன்பது சொச்சம், அதாவது கட்டும் ஒரு ஆன்ட்டைக்கூட மணிக்கு முழுசாகச் சம்பாதிக்கவில்லை. அதே ஒரு மணி நேரத்தில் ஏற்ற இறக்கம் எவ்வளவு தெரியுமா? வழக்கமான ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, சுற்றுக்கு 2.24 ஆன்ட், நாற்பது சுற்றுக்குக் கணக்குப் போட்டால் 140ஐ ஒட்டி வருகிறது. ஒன்பது கிடைக்கும் என்று உட்கார்ந்தால் 140 மேலேயோ கீழேயோ ஆடும். எதிர்பார்க்கிற லாபம் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யவே ஏறக்குறைய 240 மணி நேரம் வேண்டும், அதாவது தினம் எட்டு மணி நேரம் வீதம் ஒரு மாதம். அந்த ஒரு மாதம் கழித்தும் ஆறில் ஒரு வாய்ப்பு நஷ்டத்தில் நிற்பதற்கே. ஏழு பேர் இருக்கிறோமே, ஒருவர் தோற்றால் இன்னொருவர் ஜெயிப்பார் என்று நினைத்தால் அதுவும் பாதி பொய். ஏழு பேரும் ஒரே டீலர் கையை எதிர்த்துத்தானே நிற்கிறோம், அவருக்கு நல்ல கை வந்தால் ஏழு பேருக்கும் ஒரேயடியாக அடி. நடுவில் ஒரு அந்நியர் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஐந்து சீட்டு மறைந்துபோகிறது, அந்த 2.3 கரைந்துவிடுகிறது. அவரை எழுந்திருங்கள் என்றா சொல்ல முடியும்?

த்ரீ கார்டு போக்கர் பாடம் சுருக்கமானது, சுருக்கமாக இருப்பதும் சரிதான். இங்கிலாந்துக்காரர் டெரெக் வெப் 1994இல் உருவாக்கிய ஆட்டம், ஆன்ட்டில் கேசினோவின் பங்கு 3.37. டீலருக்கு ராணியாவது வர வேண்டும். நிற்க இங்கே இரண்டு மடங்கு இல்லை, ஆன்ட் அளவுதான், அதை வைத்து மேலே போட்ட கணக்கையே போட்டால், டீலர் தகுதி பெறாமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால் குப்பையோடு நிற்கலாம். வழக்கமாக அது 30.4 விழுக்காடு, அதாவது எல்லை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு பேர் ஆடினாலும் 18 சீட்டுதான் தெரியும், 34 தெரியாது. ஏஸ், ராஜா, ராணி பன்னிரண்டில் ஆறு நம் ஆட்களிடம் இருந்தால்கூட அந்த 30 ஏறுவது 38 அளவுக்குத்தான், நின்றால் மிச்சமாவது ஆன்ட்டில் ஏழில் ஒரு பங்கு. இதற்காக ஆறு பேர் மூக்கைச் சொறிய வேண்டுமா? இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. இதே ஆட்டத்தில் டீலர் கவனக்குறைவாகச் சீட்டு போட்டு அவருடைய ஒரே ஒரு சீட்டு கண்ணில் பட்டுவிட்டால், தனி ஆளுக்கே 3.48 விழுக்காடு சாதகம். அங்கே 35 சீட்டு, ஏழு பேர், 2.3, இங்கே ஒரு சீட்டு, ஒரு ஆள், 3.48. கோர்ஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஏழு பேருக்குச் சந்தா விற்க முடியாதே.

லெட் இட் ரைடு பாடம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம் பகுதிதான் இந்தக் கோர்ஸில் உருப்படியானது. ஆளுக்கு இரண்டே சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. சொல்ல வேண்டிய தகவல் கொஞ்சம், யோசிக்கக் கிடைக்கும் கட்டங்கள் அதிகம். தனியாக ஆடுகிறவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் ஒரு விதி உண்டு: நம்மை அடிக்கக்கூடிய டீலர் சீட்டு 21ஐவிடக் குறைவாக இருந்தால் ஒரு மடங்கு கட்டு, இல்லையென்றால் மடக்கு. தெரியாத 45 சீட்டை மனதில் வைத்துப் போட்ட எண் அது. ஆறு பேரின் பன்னிரண்டு சீட்டும் தெரிந்தால் தெரியாதது 35 ஆகிவிடுகிறது, அந்த 21 என் கணக்கில் 16 பக்கம் இறங்குகிறது. முக்கியமானது என்னவென்றால், அடிக்கும் சீட்டுகளில் எத்தனை ஏற்கெனவே நம் ஆட்களிடம் செத்துக் கிடக்கின்றன என்று தெரியும். மேசையில் ராணி, ஒன்பது, நான்கு, நான்கு, இரண்டு கிடக்கிறது, என்னிடம் ராஜாவும் ஐந்தும் என்றால், இருக்கிற ராணிகளில் இரண்டு பக்கத்து நாற்காலியில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். இரண்டாவது நாள் இதை ஆறு பேராக ஆடினோம், கல்லூரிக் கூட்டாளி ஒருவன் முதல் நாளோடு கும்பிடு போட்டுவிட்டான். இது ஓடியது. சைகைகூட வேண்டியிருக்கவில்லை, "போச்சுடா என் ராணி" என்று ஒருவன் முனகினால் போதும். ஆனால் இங்கே கேசினோவின் பங்கு முதலிலேயே 2.19தான், பெரிய சாதகம் தரும், ஆன்ட்டைப் போல் நான்கு மடங்கு கட்டும் முடிவையோ பொதுச் சீட்டு எதுவும் திறப்பதற்கு முன்னாலேயே எடுத்தாக வேண்டும். நஷ்டம் குறைந்தது தெரிந்தது, லாபம் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

வீடியோவின் தரம் பரவாயில்லை, குரல் தெளிவு. மென்பொருள் நன்றாகவே ஓடுகிறது, சுற்றை நிறுத்தி வைத்து எண்ணிப் பார்க்கும் வசதி அருமை. அதை மட்டும் தனியாக விற்றால் வாங்கச் சொல்லுவேன், போக்கர் கணக்கு பழக அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. தனியாக விற்பதில்லை. பிடிஎஃப் அட்டவணைகளில் இரண்டு இடத்தில் எண்கள் வீடியோவோடு ஒத்துப்போகவில்லை, எழுதிக் கேட்டேன், அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே மென்பொருளுக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முப்பது நாளுக்குள் கேட்டால் கேள்வியில்லாமல் தருவோம் என்றுதான் போட்டிருந்தார்கள். ஒரு கேள்வி வந்தது: "ஏழு பேர் கொண்ட முழுக் குழுவை அமைத்துப் பயிற்சி செய்தீர்களா?" முதல் நாள் எடுத்த போட்டோவை அனுப்பினேன். மேசையைச் சுற்றி ஏழு பேர், நடுவில் சீட்டுக்கட்டு, மச்சான் விரலை மடக்கி ஏஸ் எண்ணிக்கொண்டிருக்கிறான், பின்னால் அக்கா தலையில் கைவைத்து நிற்கிறாள். பதினாறு நாளாகிறது, பதில் இல்லை. வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.